பிரஷருக்குக் கோடு போடுவது யார்? 130-க்கும் 140-க்கும் நடுவில் நடப்பது என்ன

ஒருவருடைய ரத்த அழுத்தம் 134/84 என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்களின் நெறிமுறைப்படி அவர் முதல் நிலை உயர் ரத்த அழுத்த நோயாளி. ஐரோப்பிய இதயவியல் கழகம் 2024-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி அவருக்கு நோய் இல்லை, ஆனால் அழுத்தம் கொஞ்சம் கூடுதல். பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் கணக்கில், கிளினிக்கில் எடுத்த அளவு இது என்றால் அவர் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறார். நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 140/90-தான் கோடு. "நார்மலாத்தான் இருக்கு, உப்பைக் குறைச்சுக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

ஒரே உடம்பு, ஒரே எண், நான்கு பதில்கள். "130 தாண்டினாலே நோயாம்" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றும்போதெல்லாம் இரண்டு விதமான ஆட்கள் கிளம்புகிறார்கள். ஒருவர் பயந்துபோய் மருந்துக்கடையில் தானே மாத்திரை வாங்குகிறார். இன்னொருவர், இதெல்லாம் மருந்துக் கம்பெனிகளின் வேலை என்று, ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்த மாத்திரையையும் நிறுத்துகிறார். இரண்டுமே ஆபத்து. நெறிமுறைகள் எப்படி உருவாகின்றன, ஏன் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன என்பது புரிந்தால் இந்தக் குழப்பத்தில் பாதி தீரும்.

முதலில் மூன்று சொற்கள்

செய்திகளில் இம்மூன்றும் ஒன்றாகக் கலந்து வருகின்றன. பிரித்துப் பார்ப்பது அவசியம்.

1. வழிகாட்டு நெறிமுறை: ஒரு நோய்க்கு எப்போது, யாருக்கு, என்ன சிகிச்சை என்று, கிடைத்திருக்கும் ஆய்வுகளை அலசி ஒரு நிபுணர் குழு தரும் பரிந்துரை. மருத்துவர் தன் நோயாளிக்கு ஏற்ப இதிலிருந்து விலகலாம். விலகினால் காரணம் இருக்க வேண்டும்.

2. புரோட்டோகால்: அந்தப் பரிந்துரையை ஓர் இடத்துக்கு ஏற்றபடி படிப்படியாக எழுதிவைத்தது. முதலில் இந்த மாத்திரை, இந்த அளவு. ஒரு மாதம் கழித்து மறுபடி பார். குறையவில்லையா, அடுத்தது இது. சுகாதார நிலையத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் ஒற்றைத் தாள் இதுதான்.

3. நடைமுறைத் தரம்: எந்த மருத்துவமனையாக இருந்தாலும் இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்ற குறைந்தபட்ச அளவு. கருவி சரிபார்க்கப்பட்டதா, அளந்ததைப் பதிந்தார்களா, மருந்து இருப்பில் இருக்கிறதா என்று வெளியாள் வந்து சோதிக்க முடியும். தனியார் மருத்துவமனைகளுக்கு என்ஏபிஹெச் சான்று, அரசு நிலையங்களுக்கு தேசிய தர உறுதிச் சான்று ஆகியவை இந்த வகை.

விவாதம் எல்லாம் முதலாவதைப் பற்றி நடக்கிறது. நோயாளியின் கதியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மூன்றாவது.

உடம்பில் கோடு ஏதும் இல்லை

காசநோய்க் கிருமி இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் ஆம், இல்லை என்று பதில் சொல்லிவிடலாம். ரத்த அழுத்தம் அப்படிப்பட்டதல்ல. உயரம், எடை போல அது ஒரு தொடர்ச்சி. 1950-களிலேயே பிரிட்டிஷ் மருத்துவர் ஜார்ஜ் பிக்கரிங் இதைச் சொன்னபோது பெரிய சர்ச்சை எழுந்தது. உயர் ரத்த அழுத்தம் தனியான ஒரு நோய், அது இருப்பவர் ஒரு சாதி, இல்லாதவர் வேறு சாதி என்பது எதிர்த்தரப்பின் வாதம். பிற்காலச் சான்றுகள் பிக்கரிங் பக்கமே நின்றன.

2002-இல் 61 ஆய்வுகளில் இருந்த சுமார் 10 லட்சம் பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 40 முதல் 69 வயது வரை உள்ளவர்களுக்கு, மேல் அளவு (134/84 என்றால் அதில் 134) 115-இலிருந்து தொடங்கி ஒவ்வொரு 20 கூடும்போதும் பக்கவாதத்தாலும் இதயநோயாலும் இறக்கும் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. 139 வரை பத்திரம், 140-இல் பள்ளம் என்பது கிடையாது. ஏற்றம் சீராகப் போகிறது.

அப்படியானால் கோடு எதற்கு? மருந்து கொடுப்பதா வேண்டாமா என்பதற்கு மருத்துவர் ஆம், இல்லை என்றுதான் பதில் சொல்லியாக வேண்டும். எந்த அளவுக்கு மேல் மருந்தால் கிடைக்கும் நன்மை அதனால் வரும் தொல்லையைவிட அதிகமோ, அங்கே கோடு போடுகிறார்கள். அது மனிதர்கள் கூடிப் பேசி எடுக்கும் முடிவு. அதனால்தான் அது நாட்டுக்கு நாடு மாறுகிறது, காலத்துக்குக் காலம் நகர்கிறது.

கோட்டை நகர்த்திய ஆய்வு

அமெரிக்காவில் நடந்த ஸ்பிரிண்ட் ஆய்வு 2015-இல் வெளியானது. 50 வயதைத் தாண்டிய, இதயநோய் ஆபத்து அதிகம் உள்ள 9,361 பேர். பாதிப் பேருக்கு மேல் அளவை 140-க்குள் வைத்தார்கள். மறு பாதிக்கு 120-க்குள். சர்க்கரை நோயாளிகளையும், ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களையும் சேர்க்கவில்லை. நன்மை தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவை சேர்ந்து 25 சதவீதம் குறைந்திருந்தன.

இந்த 25 சதவீதத்தைச் சரியாகப் படிக்க வேண்டும். சுமார் மூன்றேகால் ஆண்டில், 140 குழுவில் நூற்றுக்கு 6.8 பேருக்குப் பாதிப்பு வந்தது. 120 குழுவில் 5.2 பேருக்கு. அதாவது 61 பேரை இவ்வளவு கடுமையாகக் கட்டுப்படுத்தினால் ஒருவருக்கு வரவிருந்த பாதிப்பு தடுக்கப்படும். கூடவே, அழுத்தம் அளவுக்கு மீறி இறங்குவது, மயங்கி விழுவது, சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படுவது ஆகியவை 120 குழுவில் அதிகம். இரண்டு பக்கமும் உண்மை. எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு எடை என்பதில்தான் குழுக்கள் பிரிகின்றன.

2017 நவம்பரில் அமெரிக்கச் சங்கங்கள் கோட்டை 130/80-க்கு இறக்கின. ஒரே நாளில் அந்நாட்டுப் பெரியவர்களில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களின் பங்கு 32 சதவீதத்திலிருந்து 46 ஆனது. எவருக்கும் புதிதாக நோய் வரவில்லை. வரையறை மாறியது, அவ்வளவுதான். ஆனால் செய்தித் தலைப்புகள் விட்டுவிட்ட ஒன்று உண்டு. 130-க்கும் 139-க்கும் இடையில் இருந்த எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே இதயநோய் இருந்தாலோ, அடுத்த பத்தாண்டில் வரும் ஆபத்து 10 சதவீதத்துக்கு மேல் இருந்தாலோதான் மருந்து. மற்றவர்களுக்கு உணவு, உப்பு, எடை, நடைதான். 2025 ஆகஸ்டில் வந்த புதுப் பதிப்பு இதைச் சற்று இறுக்கியது. ஆபத்து குறைந்தவர்களும் மூன்று முதல் ஆறு மாதம் வாழ்க்கைமுறையை மாற்றிப் பார்த்து, அப்படியும் 130/80-க்குக் கீழே வராவிட்டால் மருந்து தொடங்கலாம் என்றது.

அமெரிக்காவுக்குள்ளேயே இதற்கு ஒருமித்த ஆதரவு இல்லை. அந்நாட்டுக் குடும்ப மருத்துவர்களின் சங்கம் 2017 நெறிமுறையை ஏற்க மறுத்தது. அதற்கு முன்பு, 2014-இல் வெளியான வேறொரு குழுவின் பரிந்துரை 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 150/90 வரை விடலாம் என்றது. அந்தக் குழுவின் 17 பேரில் 5 பேர் உடன்படாமல் தனிக் கட்டுரையே எழுதினார்கள். நிபுணர்கள் இப்படிச் சண்டை போடுவது அறிவியல் பொய் என்பதற்கு அடையாளம் ஆகாது. சான்று எந்த இடத்தில் மெலிகிறதோ அந்த இடத்தில்தான் சண்டை வரும். மேல் அளவு 170 உள்ளவருக்கு மருந்து வேண்டுமா என்பதில் உலகில் எந்தக் குழுவும் சண்டை போடவில்லை.

ஒரே சான்று, வேறு வேறு முடிவு: ஏன்?

1. யாருக்காக எழுதுகிறார்கள் என்பது வேறுபடுகிறது. உலக சுகாதார அமைப்பின் 2021 நெறிமுறை மருத்துவரே இல்லாத ஊர்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. 140/90-இல் மருந்து தொடங்கு. இதயநோய் உள்ளவருக்கு 130-இலேயே தொடங்கு. பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தால் மருத்துவர் அல்லாத சுகாதாரப் பணியாளரும் மருந்து தரலாம் என்கிறது. எல்லோருக்கும் 130 என்று அது சொல்லியிருந்தால், 160-இல் இருப்பவருக்கே மாத்திரை போய்ச்சேராத இடங்களில் வரிசை இன்னும் நீண்டிருக்கும்.

2. ஆபத்தைக் கணக்கிடும் அட்டவணைகள் வேறு. அமெரிக்கக் கணக்கு அமெரிக்கர்களின் தரவில் பிறந்தது. உலக சுகாதார அமைப்பு 2019-இல் 21 பிராந்தியங்களுக்குத் தனித்தனி அட்டவணைகள் தந்தது. தெற்காசியாவுக்கும் ஒன்று உண்டு. கைப்பேசிச் செயலியில் எண்களைத் தட்டி "ஆபத்து 8 சதவீதம்" என்று வந்தால், அது யாருடைய கணக்கு என்று முதலில் பாருங்கள்.

3. சான்றின் தரத்தை மதிப்பிடுவதும், பரிந்துரையின் வலிமையை மதிப்பிடுவதும் இரண்டு வேலைகள். பல அமைப்புகள் பின்பற்றும் கிரேடு முறையில் சான்றுக்கு உயர்வு, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என்று நான்கு படிகள். பரிந்துரைக்கு வலுவானது, நிபந்தனைக்குட்பட்டது என்று இரண்டு. 'நிபந்தனைக்குட்பட்டது' என்றால், நோயாளியிடம் பேசி அவர் விருப்பத்தையும் சேர்த்து முடிவெடு என்று பொருள். இந்தச் சொல்தான் செய்தியாகும்போது முதலில் காணாமல் போகிறது.

4. பல பரிந்துரைகளுக்கு அடியில் இருக்கும் சான்று நாம் நினைப்பதைவிட மெல்லியது. அமெரிக்க இதயவியல் நெறிமுறைகளில் இருந்த 2,930 பரிந்துரைகளை 2019-இல் ஓர் ஆய்வு அலசியது. ஒன்றுக்கு மேற்பட்ட நல்ல சோதனைகளின் ஆதரவு, அதாவது முதல் தரச் சான்று, இருந்தவை 8.5 சதவீதம் மட்டுமே.

மெலிந்த இடங்கள் காலப்போக்கில் நிரம்பவும் செய்கின்றன. சர்க்கரை நோயாளிகளுக்கு 120 இலக்கு உதவுமா என்ற கேள்விக்கு 2010-இல் வந்த அக்கார்டு ஆய்வு தெளிவான பதில் தரவில்லை. சீனாவில் 12,821 சர்க்கரை நோயாளிகளை வைத்து நடந்து 2024-இல் வெளியான ஆய்வு, 120-க்குள் வைத்தால் இதய, பக்கவாதப் பாதிப்புகள் 21 சதவீதம் குறைவதைக் காட்டியது. இதற்குப் பதினான்கு வருடங்கள் ஆயின. 2012-இல் ஒரு மருத்துவர் சொன்னதும் இன்று அவரே சொல்வதும் வேறாக இருந்தால், இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

அளந்த விதம் சரியா?

இந்த நெறிமுறைகள் எல்லாமே ஒரு நிபந்தனையின் மேல் நிற்கின்றன: அளவு சரியாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஸ்பிரிண்ட் ஆய்வில் நோயாளியை ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, தானியங்கிக் கருவியால் பலமுறை அளந்து சராசரி எடுத்தார்கள். பல இடங்களில் அளக்கும்போது பக்கத்தில் ஆளே இல்லை. அந்த 120-ஐயும் நம் வெளிநோயாளர் பிரிவில் கிடைக்கும் 120-ஐயும் ஒன்றாக வைக்க முடியாது.

கூட்டமான ஒரு காலை நேர வெளிநோயாளர் பிரிவை நினைத்துப் பாருங்கள். பஸ் பிடித்து, வெயிலில் நடந்து, சீட்டு வாங்கி, ஒரு மணி நேரம் நின்றவர் உள்ளே வருகிறார். முதுகு சாய இடமில்லாத ஸ்டூல். சட்டைக் கையை மேலே சுருட்டி இறுக்கி, அதற்குக் கீழே பட்டையைச் சுற்றுகிறார்கள். கை தொடையில் கிடக்கிறது, அல்லது தொங்குகிறது. "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா? சுகர் பார்த்தீங்களா?" என்று கேள்வி, அவரும் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஒரே முறை அளந்து 150/90 என்று எழுதுகிறார்கள். செவிலியரைக் குறை சொல்லி என்ன பயன்? பின்னால் இன்னும் எண்பது பேர் நிற்கிறார்கள்.

இதில் ஒவ்வொன்றும் எண்ணை மாற்றும். 2024-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கையை மேசையில் இதய மட்டத்தில் வைத்து எடுத்ததைவிட, மடியில் வைத்து எடுத்தபோது மேல் அளவு சராசரியாக 3.9 கூடியது. தொங்கவிட்டபோது 6.5 கூடியது. பருத்த கை உள்ளவர்களுக்குச் சாதாரண அளவுப் பட்டையைக் கட்டினால் என்ன ஆகும் என்று 2023-இல் இன்னோர் ஆய்வு பார்த்தது. மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சராசரியாக 19.5 கூடுதலாகக் காட்டியது. நாம் தொடங்கிய 134 நினைவிருக்கிறதா? கை தொங்கியதால் மட்டுமே அது 127 ஆகாமல் 134 ஆகியிருக்கலாம்.

சரியான அளவுக்கு நெறிமுறைகள் பெரும்பாலும் ஒருமித்துச் சொல்பவை:

1. அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, புகை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும்.
2. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதங்கள் தரையில், கால்மேல் கால் கூடாது.
3. வெறும் கையில், கையின் சுற்றளவுக்கு ஏற்ற பட்டை. கைக்கு அடியில் தாங்கல். பட்டை இதயத்தின் உயரத்தில்.
4. அளக்கும்போது பேச்சு கூடாது. குறைந்தது இரண்டு முறை, ஒரு நிமிட இடைவெளியில்.

ஒரு நிலையத்தில் இது ஒழுங்காக நடக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி பதிவேட்டைப் புரட்டுவது. டிஜிட்டல் கருவி என்றால் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாக வருவது பத்தில் ஒன்றுதான் இருக்க வேண்டும். பக்கம் பக்கமாக 120/80, 130/80, 140/90 என்றே இருந்தால், அங்கே யாரோ எண்ணை உருட்டி எழுதுகிறார்கள் அல்லது அளக்கவே இல்லை.

டாக்டரின் வெள்ளை அங்கியைப் பார்த்ததும் அழுத்தம் ஏறுபவர்கள் உண்டு. கிளினிக்கில் நார்மலாக இருந்து வீட்டில் ஏறுபவர்களும் உண்டு. அதனால்தான் நைஸ் கிளினிக்கில் 140/90-ஐக் கண்டதும் நோய் என்று முத்திரை குத்துவதில்லை. 24 மணி நேரக் கருவி பொருத்தியோ, வீட்டில் அளந்தோ உறுதி செய்யச் சொல்கிறது. இப்படி எடுக்கும் அளவுக்குக் கோடு 135/85. வீட்டில் அளக்கும் முறை: காலை, மாலை இருவேளை, வேளைக்கு இரண்டு முறை, முடிந்தால் ஏழு நாள். முதல் நாள் அளவை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரி. 134/84 வந்தவர் மருந்துக்கடைக்கு ஓடுவதற்கு முன் செய்ய வேண்டியது இதைத்தான்.

இடம் மாறினால் நெறியும் மாறும்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தேவை ஒற்றைத் தாள். 2017-இல் ஐந்து மாநிலங்களில் தொடங்கிப் பரவிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் அதைத்தான் செய்தது. பெரும்பாலும் முதல் படி அம்லோடிபின் 5 மி.கி.; குறையாவிட்டால் அளவைக் கூட்டுவது, டெல்மிசார்டன் சேர்ப்பது; அடுத்து குளோர்தாலிடோன் போன்ற மாத்திரை. மாநிலத்துக்கு மாநிலம் சற்று மாறும். இது ஏழைகளுக்கான மட்டமான வைத்தியம் என்று சிலர் நினைக்கிறார்கள், தவறு. பத்து வகை மாத்திரைக்குப் பதில் மூன்று வகை என்றால், அவற்றை மொத்தமாக, மலிவாக, தட்டுப்பாடு இல்லாமல் வாங்கிவைக்க முடிகிறது. மருத்துவர் மாறினாலும் மாத்திரை மாறுவதில்லை.

கர்ப்பிணிகளுக்கு இந்தத் தாள் செல்லாது. டெல்மிசார்டன் வகை கருவைப் பாதிக்கும். அவர்களுக்கு லேபடலால், நிஃபெடிபின், மெதில்டோபா என்று தனி வரிசை. 160/110 வந்தால் அவசரம். அடுத்த வாரம் வரச் சொல்லக் கூடாது.

அவசரப் பிரிவில் நடப்பது உறவினர்களுக்கு அடிக்கடி புரியாமல் போகிறது. 190/110 என்று காட்டினால் "உடனே இறக்குங்க டாக்டர்" என்று பதறுவார்கள். மார்வலி, மூச்சுத்திணறல், பார்வைக் கோளாறு போன்ற உறுப்புப் பாதிப்பு இல்லை என்றால், மளமளவென்று இறக்குவதே ஆபத்து. நிஃபெடிபின் கேப்ஸ்யூலைக் குத்தி நாக்குக்கு அடியில் பிழிவது ஒரு காலத்தில் எங்கும் நடந்தது. அதனால் மாரடைப்பும் பக்கவாதமும் வந்ததைக் கண்ட பிறகு, 1990-களின் நடுவிலிருந்து அது கூடாது என்று மருத்துவ உலகம் சொல்லிவருகிறது. ரத்தக்குழாய் அடைத்து வந்த பக்கவாதத்தில், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடாதவர்களுக்கு 220/120 தாண்டும்வரை பெரும்பாலும் அழுத்தத்தைத் தொடுவதே இல்லை. அந்த நேரத்தில் மூளைக்கு ரத்தம் போவதே அந்த உயர்ந்த அழுத்தத்தால்தான்.

நெறிமுறை சட்டமா?

இல்லை. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: அன்றைக்கு மருத்துவத் துறை ஏற்றிருந்த ஒரு முறையைப் பின்பற்றிய மருத்துவர், வேறொரு நல்ல வழியும் இருந்தது என்பதற்காக மட்டுமே அலட்சியம் செய்தவர் ஆகமாட்டார். ஆகவே 130-ஐ இலக்காக வைக்கும் மருத்துவரும் 140-ஐ வைக்கும் மருத்துவரும் இருவருமே சரியான பாதையில் இருக்கலாம். "ஏன் எனக்கு இந்த இலக்கு?" என்று கேட்பதற்கு நோயாளிக்கு முழு உரிமை உண்டு. வயது, சிறுநீரகம், சர்க்கரை, தலைசுற்றல், முன்பு கீழே விழுந்தது என்று காரணம் வர வேண்டும். 80 வயதைக் கடந்தவருக்கு நைஸ் 150/90 வரை விடுவது இதனால்தான்.

பெரிய இடைவெளி எங்கே இருக்கிறது

தமிழ்நாட்டில் 2020-இல் எடுத்த மாநில அளவிலான ஸ்டெப்ஸ் என்ற தொற்றா நோய்க் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. 140/90 என்ற பழைய கோட்டை வைத்தே இந்தக் கணக்கு. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம். கோட்டை 130-க்கு இறக்குவது பற்றிப் பேசும் முன், 140-க்கு மேலே இருந்துகொண்டு அது தெரியாமலோ, தெரிந்தும் மருந்தை விட்டுவிட்டோ இருக்கும் இந்தப் பெருங்கூட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இந்த இடைவெளியைக் குறிவைத்தது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரையைத் தருகிறார். கூலி வேலைக்குப் போகிறவருக்கு மாதம் ஒருநாள் சம்பளம் மிச்சம். ஆனால் தரம் என்பது இங்கேயும் தொடர வேண்டும். அம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். பெரும்பாலும் ஆபத்தில்லாத பக்கவிளைவு, அளவைக் குறைத்தால் அல்லது மருந்தை மாற்றினால் சரியாகிவிடும். அதைச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் "கிட்னி போயிடுச்சு" என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அட்டையில் மாத்திரை கொடுத்த தேதியோடு அன்றைய அளவும் இருக்கிறதா, மூன்று மாதமாக 160-இலேயே நிற்பவருக்கு அடுத்த படி மருந்து ஏறியதா, வராமல் போனவரை யாராவது கூப்பிட்டுக் கேட்டார்களா என்ற மூன்றையும் எந்த வட்டாரத்திலும் ஒரு மத்தியான நேரத்தில் அட்டைகளை வைத்துக்கொண்டு சரிபார்த்துவிடலாம்.